ஈமமும் தாழியும்: புறநானூற்றில் இடுதல், சுடுதல் என்னும் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோர் உடலைத் தாழியில் இடுவது தமிழரின் தொன்மரபு, எரிப்பது வடபுலத்திலிருந்து பின்னர் வந்து படிந்த வழக்கம் என்னும் கருத்து ஆய்வுரைகளிலும் மேடைகளிலும் பரவலாக உள்ளது. இக்கருத்துக்குச் சான்றாகப் புறநானூற்றுத் தாழிப் பாடல்கள் எடுத்தாளப்படுகின்றன. ஈமத்தீயைப் பேசும் பாடல்களோ பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. அன்றேல் பிற்காலத்தனவாக ஒதுக்கப்படுகின்றன. இவ்விருவகைப் பாடல்களையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போது, சுடுதலும் இடுதலும் இரு இனங்களின் அடையாளங்களாகவோ இரு காலங்களின் அடையாளங்களாகவோ அவற்றில் இடம்பெறவில்லை என்பது புலனாகிறது. இறந்தவர் சென்று சேரும் உலகும், உடல் செல்லும் காடும் இரண்டிலும் ஒன்றாகவே உள்ளன. வேறுபடுவது எஞ்சி நிற்பவர் கேட்கும் கேள்வி மட்டுமே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, தாழி, ஈமம், கையறுநிலை, முதுபாலை, மணிமேகலை

முன்னுரை

2016ஆம் ஆண்டு டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் உடல் சென்னை மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டபோது, எரிக்காமல் புதைத்தது ஏன் என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்தது. திராவிட இயக்கத் தலைவர்களைப் புதைப்பதே மரபு என்பது அப்போது தரப்பட்ட விடைகளுள் ஒன்று. 1969இல் அண்ணாவும் 1973இல் பெரியாரும் புதைக்கப்பட்டதை நோக்க, இவ்விடைக்கு அடிப்படை உண்டு. ஆயினும் இந்த அரசியல் மரபு, சற்றே நீட்டப்பட்டு, தமிழ் மரபே புதைத்தல்தான் என்ற பொதுவிதியாகவும் சொல்லப்பட்டது. 1975இல் காமராசரின் உடல் சென்னை கிண்டியில் எரியூட்டப்பட்டது. அதனால் அவர் தமிழ் மரபுக்குப் புறம்பானவர் என எவரும் கருதியதில்லை. பொதுவிதியில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்பதற்கு இவ்வொரு நிகழ்வே போதும்.

அப்பிழை இலக்கிய வாசிப்பிலிருந்தும் ஊட்டம் பெறுகிறது என்பதே இக்கட்டுரையின் கவலை. சிலர் ஏன் எரிக்கின்றனர், சிலர் ஏன் புதைக்கின்றனர் என்ற கேள்விக்குச் சங்கப் பாடல்கள் தரும் விடை, நாம் அவற்றின்மேல் ஏற்றிச் சொல்லும் விடையிலிருந்து வேறுபட்டது.

1. நிலவும் வாசிப்பும் அதன் அடிப்படையும்

தாழி பற்றிய பாடல்கள் தொல்லியலோடு இணைத்துப் படிக்கப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த தாழிகள், பாடலில் உள்ள சொல்லுக்குக் கண்முன் நிற்கும் பொருளைத் தந்தன. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு மீண்டும் அகழ்ந்து 160க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகையின் தாழிகளும் இவ்வரிசையில் சேர்ந்தன. பெருங்கற்கால ஈமச்சின்னங்களையும் தாழிக்காடுகளையும் தமிழ் இலக்கியச் சான்றுகளோடு ஒப்புநோக்கி கே. ஆர். சீனிவாசன் 1946இல் எழுதிய கட்டுரை, இத்தகைய இணைப்பு வாசிப்புக்கு முன்னோடியாகும்.

இணைப்பு வாசிப்பு தவறன்று. ஆனால் மண்ணுக்கடியில் கிடைப்பவற்றில் ஓர் இயல்பான சாய்வு உண்டு. தாழி நிலைக்கும், சாம்பல் காற்றிலும் நீரிலும் கலந்துபோகும். எனவே அகழாய்வில் தாழி மிகுதியாகக் கிடைப்பதைக் கொண்டு எரித்தல் அரிதாக இருந்தது என்று முடிவு செய்வது, எஞ்சியதை மட்டும் கணக்கிடுவதாகும். எரித்ததற்கான சான்றை மண்ணைவிடப் பாட்டே நன்கு காத்துள்ளது. அப்பாட்டையும் தாழிக்கு ஏற்ப வடிகட்டினால், இருக்கும் ஒரே சான்றும் இல்லாமற் போகும்.

இச்சமன்பாட்டின் மறுபாதியும் உறுதியானதன்று. எரித்தலே வைதிக மரபு எனப்படுகிறது. ஆனால் இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 15ஆம் சூக்தம், தீயால் எரிக்கப்பட்டோர், எரிக்கப்படாதோர் என இருவகை முன்னோரையும் சேர்த்தே அழைக்கிறது. அதே மண்டலத்து 18ஆம் சூக்தம் இறந்தவனை மண்ணிடம் ஒப்படைத்து, தாய்போல் அவனை மூடிக்கொள்ளுமாறு நிலத்தை வேண்டுகிறது. இரு வழக்கமும் அருகருகே இருந்தமைக்கு அங்கும் சான்றுள்ளது. ஆகவே ஒருபுறம் தீ, மறுபுறம் மண் என்னும் எளிய பிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினும் நிற்கவில்லை.

2. தேர்வைப் பொருட்படுத்தாத பாடல்

புறநானூற்றின் 239ஆம் பாடல் இவ்வாய்வின் மையச் சான்றாகும். நம்பி நெடுஞ்செழியன் இறந்தபோது பேரெயின் முறுவலார் பாடியது அது. மகளிர் தோள் தழுவியது, பூச்சூடியது, சாந்து பூசியது, பகைவரை அழித்தது, நண்பரை உயர்த்தியது, தான் இரவாதது, இரந்தோர்க்கு மறுக்காதது, வேந்தர் அவையில் விளங்கியது, போரில் எதிர்நின்றது, பாணரின் பசி தீர்த்தது என அவன் செய்தவற்றைப் பாடல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. செய்ய வேண்டியவை அனைத்தும் செய்து முடித்தான் என்று கூறிய பிறகு, அவனைப் புதைத்தாலும் சரி, எரித்தாலும் சரி, புகழை விரும்பிய அவன் தலைக்கு எது நேர்ந்தாலும் நேர்க என்று முடிக்கிறது.

இப்பாடலிலிருந்து இரு செய்திகளைப் பெறலாம். ஒன்று, பாடல் தோன்றிய சூழலில் ஒரே ஆளுக்கு இரு வழியும் திறந்திருந்தன. இரண்டும் ஒருங்கே கைக்கெட்டும் நிலையில் இருந்தாலன்றி, இதுவாயினும் அதுவாயினும் என்று சொல்வதில் பொருளில்லை. மற்றொன்று, அத்தேர்வு இறந்தவனின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. புலவர் தேர்வை அறியாதவர் அல்லர். அறிந்தே அதைப் பொருட்படுத்தாதவர். இரு வழக்கத்தையும் காலத்தால் முன்பின்னாக வரிசைப்படுத்துவோர் இப்பாடலை எவ்விடத்தில் வைப்பது என்பதற்கு விடை கூற வேண்டும். வழக்கத்தைக் கொண்டு பாடலின் காலத்தை உறுதிசெய்து, அக்காலத்தைக் கொண்டு வழக்கத்தின் வரலாற்றை எழுதுவது வட்டத்துக்குள் சுற்றும் வாதமாகும்.

3. சமன்பாடு குலையும் இடங்கள்

தீ என்றால் அந்தணர் சடங்கு, மண் என்றால் பிறர் வழக்கம் என்ற எதிர்பார்ப்போடு புறநானூற்றை அணுகுவோரை இரு பாடல்கள் தடுத்து நிறுத்துகின்றன.

முதலாவது, அதியமானை ஔவையார் பாடிய 93ஆம் பாடல். போரில் வீழாது நோயால் இறந்த அரசரை நான்மறை கற்ற அந்தணர் பசும்புல் பரப்பிக் கிடத்தி, போர்க்களத்தில் விழுந்த மறவர் செல்லும் இடத்துக்கு இவரும் செல்க என்று கூறி, வாளால் பிளந்து அடக்கும் முறையை அது குறிப்பிடுகிறது. அதியமானின் பகைவர் களத்திலேயே விழுப்புண் பட்டமையால் இச்சடங்கிலிருந்து தப்பினர் என்பது பாடலின் கூற்று. இங்கே மறை ஓதுவோர் இருக்கின்றனர், புல் இருக்கிறது, தீயைப் பற்றிய பேச்சில்லை. அடக்குதல் என்னும் வினை புதைத்தலையே இயல்பாகக் குறிக்கும்.

இரண்டாவது, நிலையாமையை உணர்த்தும் 360ஆம் பாடல். கள்ளி வளர்ந்த களர்நிலத்தில் பாடை இறக்கப்படுகிறது. புல்லின்மேல் கள்ளோடு சிறிதளவு சோறு இடப்படுகிறது. புலையன் ஏவ அப்படையல் நிகழ்கிறது. அதன்பின் உடல் தீயின் வாய்ப் புகுகிறது. இங்கே தீ இருக்கிறது, அதற்குரிய சடங்கை நடத்துவோன் புலையன், படைக்கப்படுவது கள்.

அந்தணர் முன்னின்று புதைப்பதும், புலையன் முன்னின்று எரிப்பதும் ஒரே தொகைநூலில் உள்ளன. எவர் எதைச் செய்தனர் என்பதற்கு நாம் வைத்திருக்கும் அட்டவணை இவ்விரு பாடல்களுக்கும் பொருந்தவில்லை. பொருந்தாத பாடல்களை விதிவிலக்கு என்று ஒதுக்குவதைவிட, அட்டவணையைத் திருத்துவதே முறை.

4. ஒரே காடு, ஒரே உலகு

எரித்தலும் புதைத்தலும் வெவ்வேறு நம்பிக்கைகளிலிருந்து பிறந்தவை என்று கொள்வோர், இறந்தவர் செல்லும் உலகு பற்றிய கருத்தும் வேறுபட்டிருக்கும் என எதிர்பார்ப்பர். தீ உயிரை மேலுலகுக்கு அனுப்பும், மண் அதை இங்கேயே இருத்தும் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இதனையும் பாடல்களில் சோதித்துப் பார்க்கலாம்.

ஆய் அண்டிரன் தன் மனைவியரோடு மேலோர் உலகம் எய்தினான் என்கிறது குட்டுவன் கீரனாரின் 240ஆம் பாடல். அவன் உடல் எரிக்கப்பட்டது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் தேவர் உலகம் எய்தினான் என்கிறது ஐயூர் முடவனாரின் 228ஆம் பாடல். அவன் உடல் தாழியால் கவிக்கப்பட வேண்டியது. சாம்பலானவனும் தாழிக்குள் சென்றவனும் ஒரே இடத்துக்கே சென்றிருக்கின்றனர்.

உடல் செல்லும் நிலமும் அவ்வாறே. 240ஆம் பாடலில் கள்ளிப் பொந்திலிருந்து கூகை, இறந்தோரை எரித்துக் குவிக்கச் சொல்வதுபோலக் குரலெழுப்புகிறது. 364ஆம் பாடலில் முதுமரப் பொந்திலிருந்து கூகைக்கோழி கூவுகிறது. அக்காடு தாழிகள் நிறைந்தது. பாடியவர் பெயரே கூகைக்கோழியார் என்றாயிற்று. 356ஆம் பாடலின் காட்டில் ஈம விளக்கொளியில் பேய்மகளிர் திரிகின்றனர். வெளிமான் இறந்தபின் பெருஞ்சித்திரனார் பாடிய 238ஆம் பாடலில், கவித்த செந்தாழியின் குவிந்த புறத்தில் கழுகும் பிற பறவைகளும் இருக்க, அங்கும் பேய்க்கூட்டம் உலவுகிறது. பொந்து, கூகை, பேய் ஆகியன இடுகாட்டுக்கும் சுடுகாட்டுக்கும் பொது. தமிழில் இடுகாடு, சுடுகாடு என இரு சொற்கள் இருப்பினும், பாடல்களில் பெரும்பாலும் காடு என்ற ஒரே சொல்லே இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது.

சொல்வழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. ஈமம் என்பது பிணஞ்சுடும் விறகடுக்கையும் சுடுநிலத்தையும் குறிக்கும் சொல். 256ஆம் பாடலோ ஈமத்தாழி என்கிறது. சுடுதலுக்குரிய சொல் இடுதலுக்குரிய கலத்தோடு இணைந்து ஒரு தொகைச்சொல்லாக வழங்கியிருப்பது, இரண்டுக்கும் இடையே வேலி இல்லை என்பதற்கு மொழி தரும் சான்றாகும்.

5. எஞ்சியவரின் கேள்வி

உலகும் காடும் ஒன்றெனில், பாடல்களில் தீயும் தாழியும் வேறுபடும் இடம் எது? எஞ்சி நிற்பவர் எதை நோக்கிப் பேசுகின்றனர், எதைக் கேட்கின்றனர் என்பதில்தான் வேறுபாடு அமைகிறது.

தாழிப் பாடல்களுள் இரண்டு, வேட்கோவனை விளித்துப் பேசுகின்றன. 228ஆம் பாடலில் புலவர், கிள்ளிவளவனின் பெருமைக்கு ஏற்ற தாழியை வனைய வேண்டுமெனில் நிலத்தைச் சக்கரமாகவும் பெருமலையை மண்ணாகவும் கொள்ள வேண்டுமே, அது உன்னால் இயலுமா என்று கேட்கிறார். 256ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு பல்லிபோல அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் தான் எனக் கூறி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனைய வேண்டுகிறாள். இரு பாடலிலும் கேள்வி அளவைப் பற்றியது. தாழி ஒருவர் கையால் செய்யப்படும் பொருள். அதைச் செய்வதற்குக் காலம் வேண்டும். எவ்வளவு பெரிதாகச் செய்வது என்று கேட்கவும் இடமுண்டு. நற்றிணை 271இல் மகளை உடன்போக்கில் இழந்த தாய், தன்னைத் தாழி கவிக்குமாறு உயிரைக் கொண்டுபோகாத கூற்றத்தைப் பழிக்கிறாள். தாழி அரசர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதை அந்த அகப்பாடல் காட்டுகிறது.

தீப் பாடல்களில் எவரும் அளவைக் கேட்பதில்லை. அங்கே கேள்வி, எது முடிகிறது, எது முடியவில்லை என்பது. அதியமானின் ஈமத்தீயைக் கண்ட ஔவையார் 231ஆம் பாடலில், அத்தீ அவன் உடலை நெருங்கினும் வானளவு நீளினும் அவன் புகழ் மாயாது என்கிறார். மனைவியைத் தீப்படுக்கையில் கிடத்திய சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை 245ஆம் பாடலில், அவள் இறந்த பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி, இதன் இயல்புதான் என்ன என்று வியந்து நோகிறான். 246ஆம் பாடலில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரை நோக்கி, நெய்யற்ற உணவும் பாயற்ற படுக்கையும் உடைய கைம்மை வாழ்வைத் தான் ஏற்பதற்கில்லை என்றும், தாமரைப் பொய்கையும் தீயும் தனக்கு ஒன்றே என்றும் கூறுகிறாள்.

256ஆம் பாடலின் பெண்ணும் பெருங்கோப்பெண்டும் வேண்டுவது ஒன்றையே. ஒருத்திக்குக் கைவந்தது தாழி, மற்றொருத்திக்குத் தீ. முன்னவள் குயவனிடம் இடம் கேட்கிறாள். பின்னவள் சான்றோரிடம் வழிவிடக் கேட்கிறாள். அவ்விருவரையும் வெவ்வேறு பண்பாடுகளின் சார்பாளர்களாகப் படித்தால், இவ்வொற்றுமை கண்ணில் படாமலே போய்விடும். கைம்பெண்ணின் நிலை குறித்து இரு பாடலும் சேர்ந்து எழுப்பும் வினாவும் மறைந்துவிடும். கணவனுக்குப் பின் பெண்ணுக்கு வாழ இடமில்லாத ஒரு சமூகம், தாழியிலும் தீயிலும் மட்டுமே அவளுக்கு இடம் காட்டுகிறது என்பதே அவ்வினா.

எரித்தல் எதையும் எஞ்சவிடாது, புதைத்தல் நினைவிடத்தை விட்டுச்செல்லும் என்ற பிரிப்பும் முழுமையானதன்று. 231ஆம் பாடலில் ஈமத்தீயில் வைத்துப் பாடப்பட்ட அதியமானுக்கே 232ஆம் பாடலில் நடுகல் நிற்கிறது. பீலி சூட்டி, சிறுகலத்தில் கள் வார்த்துப் படைக்கின்றனர்; நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று ஔவையார் வருந்துகிறார். உடலை அகற்றும் முறையும் நினைவை நிறுத்தும் முறையும் தனித்தனியானவை. தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நடுவதற்கு ஆறு துறை வகுக்கிறது. கணவனோடு மனைவி தீப்புகுவதற்கும் துறை வகுக்கிறது. தாழியில் கவிப்பதற்கெனத் தனித்துறை வகுக்கவில்லை. 256ஆம் பாடல், சுரத்திடைக் கணவனை இழந்தவள் தனித்துப் புலம்பும் முதுபாலையில் அடங்குகிறது. இலக்கணத்தின் நோக்கு எஞ்சியவரின் நிலைமேல்தான் இருக்கிறது, கலத்தின்மேல் இல்லை.

6. மணிமேகலை: ஐந்து வழியும் ஒரு மதிலும்

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இவ்விவாதத்தில் எப்போதும் மேற்கோளாக வருவது. எரிப்போர், வெறுமனே இட்டுச் செல்வோர், தோண்டிய குழியில் படுப்போர், தாழ்ந்த அறையில் வைத்து அடைப்போர், தாழியால் மூடுவோர் என ஐவகையினரை அது ஒரே இடத்தில் காட்டுகிறது. இப்பட்டியல் வழக்கங்களின் அட்டவணையாக மட்டுமே பயன்படுத்தப்பட்டு வருகிறது. அதன் சூழல் பெரிதும் கருதப்படுவதில்லை. ஐவகையும் ஒரே மதிலுக்குள் நிகழ்கின்றன. எவ்வகையில் அகற்றினும் சாவு ஒன்றே என்பதை உணர்த்துவது பௌத்தக் காப்பியத்தின் நோக்கம்.

ஆயினும் அதே காதை இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. தவத்தோர்க்கும் அரசர்க்கும் கணவரோடு இறந்த மகளிர்க்கும் அங்கே செங்கல்லால் உயர எழுப்பிய கோட்டங்கள் உள்ளன; அவை நால்வகை வருணத்தையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. எரிப்பதா புதைப்பதா என்பதில் வேறுபாடு காட்டாத காடு, இறந்தவர் யார் என்பதில் வேறுபாடு காட்டுகிறது. வழக்கத்தின் வேறுபாட்டை இனத்தின் வேறுபாடாகப் படித்துக்கொண்டிருக்கும் நாம், காப்பியமே எடுத்துக்காட்டும் இவ்வேறுபாட்டைக் கடந்து போய்விடுகிறோம். தமிழகத்தில் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் இடுகாடுகளையும் சுடுகாடுகளையும், அவற்றுக்குச் செல்லும் பாதையின் பொருட்டு எழும் வழக்குகளையும் அறிந்தவர்க்கு, மணிமேகலையின் மதிலுக்குள் எது முதன்மையான செய்தி என்பது விளங்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு: புறநானூற்றில் எரித்தலும் புதைத்தலும் ஒருங்கே வழங்கின என்பதற்கு 239ஆம் பாடல் நேர்ச்சான்று. அந்தணர்க்குத் தீ, பிறர்க்கு மண் என்ற பிரிப்பை 93, 360ஆம் பாடல்கள் மறுக்கின்றன. இருவகையில் அகற்றப்பட்டோரும் ஒரே மேலுலகு எய்தியதாக 228, 240ஆம் பாடல்கள் கூறுகின்றன. ஆதலின் தேர்வுக்கான காரணத்தை மறுமை பற்றிய நம்பிக்கையில் மட்டும் தேடுவது பயன் தராது. இறந்த முறை, எஞ்சியவரின் உறவு, அவர் கைக்கெட்டிய வழக்கம் ஆகியவற்றிலேயே பாடல்கள் கருத்தைச் செலுத்துகின்றன.

இம்முடிவு தாழியின் தொன்மையைக் குறைப்பதன்று. ஆதிச்சநல்லூர்த் தாழி எவ்வளவு தமிழர்க்கு உரியதோ, அவ்வளவே பெருங்கோப்பெண்டு நோக்கி நின்ற தீயும் உரியது. ஒன்றை ஏற்க மற்றொன்றை அயலாக்க வேண்டிய தேவை பாடல்களுக்கு இருக்கவில்லை. அத்தேவை பிற்கால வாசிப்பினுடையது. அகழாய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில், இலக்கியத்தைக் கிடைத்த பொருளுக்கு விளக்கக்குறிப்பாக மட்டும் பயன்படுத்தாமல், பொருளில் பதியாதவற்றுக்கும் சான்றாகக் கொள்வது நம் துறையின் கடமையாகும். தாழியைப் பேசும் பாடலைச் சான்று காட்டும் ஒவ்வொரு கட்டுரையும், அதே தொகையில் சில பாடல்கள் தள்ளி எரியும் ஈமத்தீக்கும் விடை கூறியே ஆக வேண்டும்.